கிட்டார் கழுத்துக்கு எந்தப் பூச்சு? தூத்துக்குடி வாசகரின் கேள்வியும் பதிலும்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் தூத்துக்குடியில் ஆலயப் பாடகர் குழுவில் ஆறு ஆண்டுகளாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்து வருகிறேன். பழைய கிட்டாரின் நெக் (கழுத்து) வளைந்துவிட்டதால், பூச்சு எதுவும் இல்லாத புதிய மேப்பிள் நெக் ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதன் விரற்பலகை ரோஸ்வுட். எனக்கு உள்ளங்கை அதிகம் வியர்க்கும். பழைய நெக் கண்ணாடிபோல் பளபளப்பாக இருந்ததால், கட்டைவிரல் நகர மறுத்து ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் மட்டும் தேய்த்தால் போதும் என்கிறார் நண்பர். தச்சு வேலை செய்யும் அப்பா மெலமைன் அடித்துத் தருவதாகச் சொல்கிறார். நைட்ரோ லாக்கர்தான் நாதத்துக்கு நல்லது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். விரற்பலகைக்கு வீட்டிலுள்ள தேங்காய் எண்ணெயைத் தடவலாமா? இது செப்டம்பர் மாதம்; டிசம்பரில் வீடு வீடாகப் பாடிச் செல்லும் கேரல் ரவுண்ட்ஸுக்கு முன் கிட்டார் தயாராகிவிட வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

என்னிடம் பூச்சைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் கிட்டாரின் பெயரையும் மரத்தின் பெயரையும் மட்டுமே எழுதுகிறார்கள். கை வியர்க்குமா, ஊர் எது, எந்த மாதத்தில் வேலை செய்யப் போகிறார்கள் என்பதையெல்லாம் நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். நீங்கள் இவை எல்லாவற்றையும் எழுதியிருப்பதால் விடையை நேராகவே சொல்லிவிட முடிகிறது.

கடலோரத்தில் வாழ்கிற, உள்ளங்கை வியர்க்கிற ஒருவரின் மேப்பிள் கழுத்துக்கு எண்ணெய் மட்டும் போதாது. மெழுகு நீக்கிய அரக்கை அடிப்பூச்சாக இரண்டு முறை மெல்லியதாகத் தடவுங்கள். அதன் மேல், எண்ணெயும் வார்னிஷும் கலந்த, துணியால் தேய்த்துப் பூசும் வகையை ஆறு முதல் எட்டு முறை ஏற்றுங்கள். அது நன்றாக இறுகிய பிறகு, கை படும் பின்புறத்தை மட்டும் பளபளப்பு போகும்படி தேய்த்துவிடுங்கள். இதற்கு ஸ்பிரே கருவியோ தனி அறையோ தேவையில்லை. ஏன் இந்த முடிவுக்கு வந்தேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். காரணம் தெரிந்திருந்தால், கடையில் ஒரு பொருள் கிடைக்காதபோது எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று நீங்களே முடிவு செய்துகொள்ள முடியும்.

முதலில் நாதத்தைப் பற்றிய பேச்சை முடித்துவிடலாம். அகூஸ்டிக் கிட்டாரின் மேற்பலகை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிப்பே உடையது. அது அதிர்ந்துதான் ஒலி எழுகிறது என்பதால், அதன் மீது தடித்த பூச்சு ஏறினால் ஒலி மட்டுப்படும் என்ற கவலை நியாயமானது. எலெக்ட்ரிக் கிட்டாரின் கழுத்தோ ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் தடிப்புள்ள கட்டை; அதன் நடுவே ஓர் எஃகுக் கம்பியும் ஓடுகிறது. அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் எந்த வேதிப்பொருளால் ஆனது என்பதைக் காதால் கண்டுபிடிக்க என்னால் முடிந்ததில்லை. ஒரே நெக்கில் பழைய பூச்சை எடுத்துவிட்டு வேறு பூச்சு போட்டுத் திரும்ப மாட்டிய பல வேளைகளில் கவனமாகக் கேட்டிருக்கிறேன். கைக்குத் தெரிந்த மாற்றம் காதுக்குத் தெரியவில்லை. ஃபெண்டர் நிறுவனம் 1950களில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைப் பயன்படுத்தியதற்கு அது அன்றைய கார்களுக்கு அடிக்கப்பட்ட, விரைவாக உலரும், எளிதில் கிடைக்கும் பொருளாக இருந்ததே பெரிய காரணம். 1968 வாக்கில் அதே நிறுவனம் பாலியெஸ்டருக்கு மாறியது. பழைய கிட்டார்களின் மீதுள்ள பற்று எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பற்றை வைத்து உங்கள் நெக்குக்குப் பூச்சு தேர்ந்தெடுப்பது சரியாகாது.

உண்மையான கேள்வி ஈரத்தைப் பற்றியது. மரம் வெட்டி உலர்த்தப்பட்ட பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்பதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. காற்றின் ஈரப்பதம் 45 விழுக்காடாக இருக்கும் பட்டறையில் கிடக்கும் மரத்தில், அதன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு நீர் இருக்கும். அதே மரம் 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் வாரக்கணக்கில் இருந்தால், அந்த அளவு 15 அல்லது 16 விழுக்காடு வரை ஏறிவிடும். கிட்டார்கள் பெரும்பாலும் முதல் வகைச் சூழலில்தான் செய்யப்படுகின்றன; கடலோர ஊரின் மழைக்கால இரவுகளோ இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

ஈரம் ஏறும்போது மரம் நீளவாக்கில் மிக மிகக் குறைவாகவும் அகலவாக்கில் கண்ணுக்குத் தெரியும் அளவிலும் பெருக்கிறது. நீளத்தில் ஏற்படும் மாற்றம் குறைவுதானே என்று விட்டுவிட முடியாதபடி, உங்கள் நெக்கில் இரண்டு வேறு மரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கின்றன. இயற்கையான எண்ணெய்ப் பசையுள்ள ரோஸ்வுட்டும் அது இல்லாத மேப்பிளும் ஒரே வேகத்தில் ஈரம் ஏற்பதில்லை. ஒன்று நீண்டு மற்றொன்று நீளாதபோது, இரண்டும் சேர்ந்த பலகை வில்போல் வளைகிறது. இதற்கு மேல், பத்து முதல் நாற்பத்தாறு அளவுள்ள (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) தந்தித் தொகுதி சுமார் 45 கிலோ இழுவிசையோடு கழுத்தை முன்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. இந்த வளைவைச் சரிசெய்யத்தான், டிரஸ் ராட் எனப்படும் அந்த எஃகுக் கம்பி கழுத்தின் நடுவே இருக்கிறது. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹியூ 1923இல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பின் வழிவந்தவைதாம் இன்றுவரை பெரும்பாலான கிட்டார்களில் உள்ளன. ஆனால் வாரத்துக்கு ஒரு முறை திருகித் திருத்த வேண்டிய நெக்கை நம்பி யாரும் மேடையேற முடியாது. ஈரம் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மெதுவாக்கி, ஒரு நாள் மழைக்கும் அடுத்த நாள் ஏ.சி. அறைக்கும் நெக் துள்ளாமல் பார்த்துக்கொள்வதே பூச்சின் முதல் கடமை. எந்தப் பூச்சும் ஈரத்தை முற்றிலும் தடுத்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கடமையில் எண்ணெய் தோற்றுப்போகிறது. அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள அரசு வனப்பொருள் ஆய்வகத்தில், பலவகைப் பூச்சுகளிட்ட மரத்துண்டுகளை ஈரக்காற்றில் இரு வாரங்கள் வைத்து, அவை எவ்வளவு நீராவியை உறிஞ்சின என்று எடை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆளிவிதை எண்ணெய் மூன்று முறை பூசிய மரம், சில நாட்களிலேயே வெற்று மரத்திலிருந்து வேறுபடாத நிலைக்கு வந்துவிட்டது. டங் மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெய் முதல் நாளில் ஓரளவு தாக்குப்பிடித்து, பிறகு அதுவும் ஏறக்குறைய அங்கேயே வந்து சேர்ந்தது. வியப்பு தரும் செய்தி என்னவென்றால், பழைய பொருளான அரக்கு, நீராவியைத் தாமதப்படுத்துவதில் நைட்ரோ லாக்கரைவிட மேலாக நின்றது. நான் அரக்கை அடிப்பூச்சாகச் சொல்வதன் காரணம் இதுதான்.

இந்தப் பாடத்தை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடத் தவறு செய்து தெரிந்துகொண்டதே அதிகம். பல ஆண்டுகளுக்கு முன், கடலோர ஊர் ஒன்றிலிருந்து வந்த ஒரு வாசிப்பாளருக்கு, அவர் விரும்பிக் கேட்டார் என்பதற்காக, மேப்பிள் நெக்குக்கு டங் எண்ணெய் மட்டும் நான்கு முறை தேய்த்துக் கொடுத்தேன். வாங்கிப் போன அன்று அந்த நெக் பட்டுப்போல் இருந்தது. அவர் மகிழ்ச்சியோடு போனார். ஒரு மழைக்காலம் முடிந்து திரும்பி வந்தபோது, முதல் ஃபிரெட்டிலிருந்து (விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) ஐந்தாம் ஃபிரெட் வரை கட்டைவிரல் ஓடும் இடமெல்லாம் சாம்பல் நிறமாகி, மரத்தின் நார் எழுந்து சொரசொரத்திருந்தது. வியர்வையும் கை அழுக்கும் மேப்பிளுக்குள் இறங்கிவிட்டால், அந்தக் கருமையை மேலே துடைத்து எடுக்க முடியாது; மரத்தையே தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். தேய்த்தேன், கறை போயிற்று. ஆனால் அவர் கைக்குப் பழகியிருந்த வடிவத்திலும் கொஞ்சம் போய்விட்டது, அதைத் திரும்பக் கொடுக்க என்னால் இயலவில்லை. அந்த வருத்தம் இன்றும் இருப்பதால்தான் உங்களுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். தனியாக நெக் விற்கும் நிறுவனங்கள் சிலவும், மேப்பிளுக்குக் கெட்டியான பூச்சு போட்டால்தான் உத்தரவாதம் செல்லும் என்று நிபந்தனை வைக்கின்றன. உங்கள் நெக்குடன் வந்த தாளில் அப்படி ஏதேனும் இருக்கிறதா என்று வேலையைத் தொடங்குமுன் படித்துவிடுங்கள்.

உங்கள் நண்பர் சொல்வதிலும் பொருள் இல்லாமலில்லை. எண்ணெய் தேய்த்த நெக்கின் தொடுசுகம் உண்மையானது. மியூசிக் மேன் நிறுவனம் தன் கிட்டார் பலவற்றின் மேப்பிள் கழுத்துக்குத் துப்பாக்கிக் கட்டைக்குப் பூசும் எண்ணெயும் மெழுகும்தான் இடுகிறது. அவற்றை விரும்பி வாசிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். கை வறண்டிருப்பவருக்கும், ஒவ்வோர் ஆண்டும் அதைச் சுத்தம் செய்து மறுபடி எண்ணெயிடும் பொறுமை உள்ளவருக்கும் அது நல்ல தேர்வு. உங்கள் கடிதத்தில் உள்ள கை அத்தகையதாக இல்லை.

எண்ணெய் என்ற சொல்லைக் கேட்டதும் தேங்காய் எண்ணெய் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் தயவுசெய்து அதை நெக்கின் எந்தப் பகுதியிலும் தடவாதீர்கள். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தானே இறுகிப் படலமாக மாறும் தன்மை சில எண்ணெய்களுக்கு மட்டுமே உண்டு. அயோடின் எண் என்ற அளவு இதை ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஆளிவிதை எண்ணெய்க்கும் டங் எண்ணெய்க்கும் அது 160க்கு மேல். நல்லெண்ணெய்க்கு 110 அளவில். தேங்காய் எண்ணெய்க்குப் பத்தை ஒட்டியே இருக்கும். ஆகவே தேங்காய் எண்ணெய் பல ஆண்டுகள் ஆனாலும் உலராது. மரத்துக்குள் எண்ணெயாகவே தங்கி, தூசியைப் பிடித்து, காலப்போக்கில் சிக்கு நாற்றம் எடுக்கும். பின்னாளில் பூச்சு போட நினைத்தாலும் அது ஒட்டாது.

உங்கள் விரற்பலகை ரோஸ்வுட் என்பதால் அதற்குப் பூச்சே வேண்டாம். உலகின் கிட்டார்களில் ரோஸ்வுட் என்று வரும் மரத்தில் கணிசமான பகுதி நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் ஈட்டி மரம்தான். நம் தச்சர்கள் அதன் உறுதியை நன்கு அறிவார்கள். அதன் உள்ளேயே இருக்கும் பசை அதைக் காக்கிறது. அதே பசை மேலே பூசும் வார்னிஷ் உலர்வதையும் கெடுக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, தந்திகளைக் கழற்றும்போது உலர்ந்த துணியால் அழுக்கைத் துடைத்து, மணமற்ற கனிம எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு தடவி, பத்து நிமிடத்தில் முழுவதும் துடைத்துவிட்டால் போதும். லெமன் ஆயில் என்று கிட்டார் கடைகளில் விற்பவற்றில் பெரும்பாலானவை மணமூட்டிய கனிம எண்ணெயே.

தங்கள் தந்தையார் சொன்ன மெலமைனைப் பற்றி மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்கிறேன். அலமாரிக் கதவுக்கும் மேசைக்கும் அது நல்ல பூச்சு. வெந்நீர்ப் பாத்திரம் வைத்தாலும் தாங்கும். ஆனால் அது ஹார்டனர் சேர்த்து, வேதிவினையால் இறுகும் வகையைச் சேர்ந்தது. ஒருமுறை இறுகிவிட்டால் எந்தத் தின்னரிலும் மீண்டும் கரையாது. கிட்டார் நெக் அடிபடும், சுவரில் மோதும், ஸ்டாண்டில் உரசும். ஓரிடத்தில் பெயர்ந்தால், அந்த இடத்தை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் சரிசெய்வது மெலமைனில் மிகக் கடினம். நான் சொல்லும் பூச்சிலோ, பெயர்ந்த இடத்தை இலேசாகத் தேய்த்துவிட்டு அதன் மேல் இன்னும் இரண்டு முறை பூசினால் பழையதோடு கலந்துவிடும். மேலும் கதவுக்கு அடிப்பதுபோல் முதலில் சீலரைத் தடிப்பாக ஏற்றி, அதைத் தேய்த்துச் சமன் செய்யும் பழக்கம் நெக்குக்கு உதவாது. எளிதில் தேய்வதற்காக அந்தச் சீலர்களில் சேர்க்கப்படும் ஸ்டியரேட் படலத்தை மென்மையாக்குகிறது. மேப்பிளில் நிரப்ப வேண்டிய பெரிய நுண்துளைகளும் கிடையாது. தேக்கிலோ மகாகனியிலோ நெக் செய்திருந்தால் துளை நிரப்புவதைப் பற்றிப் பேச வேண்டியிருந்திருக்கும். தந்தையாரின் கைத்திறன் உங்களுக்கு வேறோர் இடத்தில் பெரிதும் தேவைப்படும். அதைக் கீழே சொல்கிறேன்.

நைட்ரோவுக்கு வேறு சிக்கல் உண்டு. அதன் கரைப்பான் மிக விரைவாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. ஈரமான காற்றில் அந்தக் குளிர்ந்த பரப்பின் மீது நீர் படிந்து, பூச்சுக்குள் வெண்மையான மூட்டம்போல் சிக்கிக்கொள்கிறது. அனுபவமுள்ளவர்கள், உலர்வதை மெதுவாக்கும் ரிடார்டர் சேர்த்து இதைச் சமாளிப்பார்கள். மழைக்காலக் கடலோரத்தில் முதன்முறையாகச் செய்பவருக்கு அது தலைவலியே. அது எளிதில் தீப்பற்றும். சில ஸ்டாண்டுகளின் ரப்பரோடு வினைபுரிந்து இளகும். வியர்க்கும் கைகளில் சற்றே பிசுபிசுப்பதாகவும் பலர் சொல்கிறார்கள். நீங்கள் தப்பிக்க நினைப்பதே அந்தப் பிசுபிசுப்பிலிருந்துதான். இரண்டு கூறுகளைக் கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) மிகச் சிறந்த காப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது. உரிய முகக்கவசமும் காற்றை வெளியேற்றும் அறையும் இல்லாமல், வீட்டுத் திண்ணையில் அதை அடிக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இனி அரக்கு. பிரெஞ்சு பாலிஷ் என்று நம் பழைய தச்சர்கள் சொல்வது ஸ்பிரிட்டில் கரைத்த இந்த அரக்கைத்தான். இது புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். ஜார்க்கண்ட் பகுதி அதன் பெரிய விளைநிலம், 1924இலேயே ராஞ்சியில் அதற்கென ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. உலகின் கிளாசிக்கல் கிட்டார்களை மெருகிடுபவர்கள் நம் நாட்டிலிருந்து போகும் செதில்களைக் கரைத்துப் பூசுகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. அரக்கு நீராவியை நன்றாகத் தாமதப்படுத்தும். ஏறக்குறைய எந்த மரத்தின் மீதும் ஒட்டும். வெளிறிய மேப்பிளுக்குத் தேன் நிறம் தரும். அப்படியானால் முழுவதுமே அரக்காக ஏன் இருக்கக்கூடாது என்று நீங்கள் கேட்கலாம். வியர்வையும் உடற்சூடும் அதை இளக்கும் என்பதே காரணம். கிளாசிக்கல் கிட்டாரில் முன்கை படும் இடத்தில் முதலில் கெடுவது இந்தப் பூச்சுதான். ஆகவே அரக்கைக் கை தொடாத அடியில் வைத்து, அதன் மேல் வியர்வை தாங்கும் படலத்தைப் போர்த்துகிறோம்.

செதிலாகக் கிடைக்கும் அரக்கை 100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 12 கிராம் என்ற கணக்கில், உலோகம் அல்லாத மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு, அவ்வப்போது குலுக்கி ஒரு நாள் விடுங்கள். இயற்கையான அரக்கில் ஏறத்தாழ 5 விழுக்காடு மெழுகு இருக்கும். புட்டியை அசைக்காமல் இரண்டு மூன்று நாட்கள் வைத்தால் அது கலங்கலாக அடியில் படியும். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் வேறு புட்டிக்கு இறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம். மெழுகு இருக்கும் அரக்கின் மேல் வார்னிஷ் சரியாக ஒட்டாமல் பின்னர் உரியும். கடையில் எப்போதோ கரைத்து வைத்த பாலிஷையும் வாங்காதீர்கள். கரைத்து ஆறு மாதத்துக்கு மேலான அரக்கு சில வேளைகளில் இறுகாமலே போகும். ஐயமிருந்தால் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, மறுநாள் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகத்தடம் பதிந்தால் அந்தப் புட்டியைப் பயன்படுத்த வேண்டாம். ஸ்பிரிட் நச்சுத்தன்மை உடையது. சன்னல்களைத் திறந்து வைத்து, அடுப்பிலிருந்து தொலைவில் வேலை செய்யுங்கள்.

மேற்பூச்சாக, பர்ச்வுட் கேசி நிறுவனத்தின் ட்ரூ ஆயில் பலராலும் பயன்படுத்தப்படுகிறது. துப்பாக்கிக் கட்டைகளுக்காக உருவான அது, பெயரில் எண்ணெயாக இருந்தாலும், பிசின் சேர்ந்து மெல்லிய கெட்டிப் படலமாக இறுகுவது. அது கிடைக்காவிட்டால், பெயின்ட் கடையில் ஹார்டனர் தேவைப்படாத, எண்ணெய் சார்ந்த ஒற்றை டப்பா பி.யு. வார்னிஷ் வாங்கி, எம்.டி.ஓ. என்று அவர்கள் தரும் டர்பன்டைனைச் சம அளவு கலந்துகொண்டால் துணியால் பூசும் பதத்துக்கு வந்துவிடும். இரண்டில் எதை வாங்கினாலும் எனக்கு நிறைவே. உங்கள் கைக்கு இரண்டாவது இன்னும் சற்று உறுதியானது என்று கூடச் சொல்வேன்.

மரத்தைத் தயார் செய்வதில்தான் தந்தையாரின் கை வேண்டும். விரற்பலகையையும் ஃபிரெட்களையும் மாஸ்கிங் டேப்பால் விளிம்பு தவறாமல் மூடிய பிறகு, 180, 220, 320 என்ற வரிசையில் உப்புத்தாளால் நார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். 220க்குப் பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, எழும் நாரை உலரவிட்டு 320ஆல் எடுத்துவிட்டால், பின்னர் வியர்வை பட்டு நார் எழும் தொல்லை பெரிதும் குறையும். குறுக்குக் கீறல்கள் நேர் வெளிச்சத்தில் தெரியாது. இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் ஒன்றுகூடத் தப்பாது. 400க்கு மேல் போகாதீர்கள். மரத்தைப் பளிங்குபோல் தேய்த்துவிட்டால் பூச்சு பிடிப்பதற்கு இடமில்லாமல் போகும். கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட் உட்காரும் பள்ளத்தையும், உடலோடு பொருந்தும் அடிப்பகுதியின் பக்கங்களையும் டேப்பால் மூடுங்கள். அங்கே பூச்சு ஏறினால் பொருத்தம் இறுகி, உடலின் பெயின்ட் வெடிக்கும். ஆனால் அடிப்பகுதியின் முனையிலும் டியூனர்கள் பொருந்தும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் நுனியிலும் நாரின் வாய் திறந்திருப்பதால் ஈரம் அங்கேதான் வேகமாக நுழையும். அந்த இரண்டு முனைகளுக்கும் அரக்கை ஒருமுறை கூடுதலாகவே கொடுங்கள். தந்தியை முறுக்கும் டியூனர்களின் துளைகளுக்கு உட்புறத்தில் மேற்பூச்சு தடிக்காமல் பாருங்கள். இறுகிப்போன துளையில் டியூனரின் உலோக வளையமான புஷ்ஷைத் தட்டி இறக்கும்போது ஹெட்ஸ்டாக் விரிசல் விடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அரக்கைப் பழைய வேட்டித்துணியில் நனைத்து, ஒரே ஓட்டத்தில் மேலிருந்து கீழாக இழுத்து, ஓடிய இடத்தில் திரும்ப ஓடாமல் பூசுங்கள். இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு இரண்டாம் முறை. மறுநாள் 400 உப்புத்தாளால் தடவுவதுபோல் இலேசாகத் தேய்த்துவிட்டு, மேற்பூச்சைத் தொடங்கலாம். இதில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றே: அதிகமாகப் பூசிவிடுவது. நெக் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே போதும். பூசியது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துடைத்து எடுத்தால்தான் அது சரியான பூச்சு. நாளுக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். தொட்டால் குளுமையாகவோ ஒட்டுவதுபோலவோ இருந்தால், புட்டியில் என்ன எழுதியிருந்தாலும் மறுநாள் வரை காத்திருங்கள். இரண்டு பூச்சுக்கு ஒரு முறை, நான்கு பூஜ்யம் எனப்படும் மிக நுண்ணிய ஸ்டீல் உல்லால் தேய்த்து, தூசியை முழுவதும் துடைத்துவிட வேண்டும். நெக் தனியாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். தந்தியின் அதிர்வை மின்குறியாக்கும் பிக்கப்பின் காந்தத்தில் எஃகுத் துகள்கள் ஒட்டிக்கொண்டால் அவற்றை எடுப்பது பெரும்பாடு.

ஓர் எச்சரிக்கையை மிகுந்த அக்கறையோடு எழுதுகிறேன். இந்த எண்ணெய்கள் இறுகும்போது வெப்பம் வெளிவிடுகின்றன. நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டால், அந்த வெப்பம் வெளியேற வழியின்றிச் சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் துணியை வெட்டவெளியில் விரித்துப் போட்டு விறைக்கும்வரை உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள தகர டப்பாவில் அமிழ்த்துங்கள். மரத்தூள் கிடக்கும் தச்சுப்பட்டறையில் இதில் சிறிதும் அசட்டை கூடாது.

கட்டைவிரல் ஒட்டிக்கொள்ளும் பிரச்சினைக்கு வருவோம். வழுவழுப்பான பரப்பில் ஈரமான தோல் முழுவதுமாகப் படிந்துகொள்வதால்தான் நகர மறுக்கிறது. பரப்பில் மிக நுண்ணிய கீறல்கள் இருந்தால் தோல் படும் இடம் குறைந்து, விரல் எளிதாக ஓடும். ஆகவே பழி பூச்சின் வகையைவிட அதன் பளபளப்பையே சேரும். நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. கழற்றி வைத்திருக்கும் பழைய நெக்கின் பின்புறத்தில் ஒரு கையளவு இடத்தை, சாம்பல் நிற ஸ்காட்ச்பிரைட்டால் நீளவாக்கில் இருபது முறை தேய்த்துத் தொட்டுப் பாருங்கள். சமையலறையில் இருக்கும் பச்சை நிறத்தது இதற்கு முரடானது. வித்தியாசம் அப்போதே தெரிந்துவிடும். புதிய நெக்கில் இதைச் செய்ய, கடைசிப் பூச்சுக்குப் பிறகு குறைந்தது மூன்று வாரம் பொறுத்திருக்க வேண்டும். முகர்ந்தால் பூச்சின் மணம் இன்னும் வருகிறதென்றால் அது இன்னும் இறுகவில்லை. ஹெட்ஸ்டாக்கைப் பளபளப்பாகவே விட்டுவிடலாம், அங்கே கை ஓடுவதில்லை.

நாட்கணக்கைப் பார்த்தால், உங்களுக்கு அவகாசம் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை. தேய்ப்பதற்கு இரண்டு நாள், அரக்குக்கு இரண்டு நாள், மேற்பூச்சுக்குப் பத்து நாள், இறுகுவதற்கு மூன்று முதல் நான்கு வாரம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் பிடித்துக்கொண்டால், அரக்கும் வெண்மூட்டம் போடும், வார்னிஷும் உலர நாளெடுக்கும். ஆகவே இந்த மாதம் முடிவதற்குள் அரக்கைப் பூசிவிடுங்கள். காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய நேரத்தில் பூசுவது நல்லது. மழை முந்திக்கொண்டால் அவசரப்படாமல் நிறுத்திவிட்டு, இரண்டு வறண்ட நாட்கள் கிடைத்ததும் தொடருங்கள். கேரல் ரவுண்ட்ஸில் நள்ளிரவு வரை பனியில் நின்று வாசிக்கப் போகிறீர்கள் என்பதால், ஒவ்வொரு வீட்டிலும் வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் நெக்கை ஒரு முறை துடைத்துவிட்டு உறையில் வையுங்கள். வியர்வை உப்பு மரத்தைவிடத் தந்தியையும் ஃபிரெட்டையும் விரைவாகத் தின்னும்.

நெக்கைப் பொருத்தித் தந்தி கட்டியதும், முதல் ஃபிரெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டிலும் ஆறாம் தந்தியை அழுத்திப் பிடித்து, ஏழாம் ஃபிரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி தெரிகிறதென்று பாருங்கள். 0.2 முதல் 0.25 மில்லிமீட்டர் இருந்தால் சரி. அந்த எண்ணை ஒரு தாளில் தேதியோடு குறித்து வைத்து, நவம்பரில் ஒரு முறையும் ஜனவரியில் ஒரு முறையும் அளந்து பாருங்கள்; மாறியிருந்தால் டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருகாதீர்கள். வளைந்துவிட்டது என்று நீங்கள் ஒதுக்கிய பழைய நெக்கையும் தந்தி கட்டிய நிலையில் இதே முறையில் அளந்து, அதன் டிரஸ் ராடை யாராவது எப்போதாவது திருகிப் பார்த்தார்களா என்பதையும் எனக்கு எழுதுங்கள். நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால், அது இன்னும் காப்பாற்றக்கூடிய நிலையில் இருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.